தார்ப்பாய்க்கு அடியில் இல்லாத எஞ்சின்

அன்று சாயந்திரம் மயிலாப்பூர் அரங்கில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வரிசையில் என் அம்மா. அவளுக்கு இரண்டு பக்கமும், அடையாறு மார்க்கெட் ஓரத்தில் அவளோடு உட்கார்ந்து மீன் விற்கிற இரண்டு பேர். ஒருவரை அத்தை என்பேன், இன்னொருவரைப் பெரியம்மா என்பேன். ரத்த உறவு எதுவும் கிடையாது, ஆனால் நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவால் வர முடியாத நாட்களில் இவர்கள்தான் வந்து கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவர்கள். முதல் வரிசை ஓரத்தில் சபா செயலாளர். அவருக்குப் பின்னால் சபாவின் வழக்கமான உறுப்பினர்கள், ஐம்பது அறுபது பேர் இருக்கும். மேடையில் இரண்டே பேர். அப்பாவாக நடித்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூர்க்காரர். மகனாக நடித்தவன் தரமணி ஆபீசில் என் பக்கத்து நாற்காலி நண்பன், தி.நகர் ஃபிளாட்டில் பிறந்து வளர்ந்தவன். இடது பக்கத் திரைக்குப் பின்னால், நாடகத்தை எழுதிய நான்.

வராதவர்கள் இரண்டு. ஒன்று என் அப்பா. இன்னொன்று எஞ்சின்.

எஞ்சின் வந்திருக்க வேண்டியது. அது வராததால்தான் இதை எழுதுகிறேன் என்பதால் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

நாடகம் இவ்வளவுதான். கடலில் கால் முறிந்து ஒரு அப்பா வீட்டில் கிடக்கிறார். ஆபரேஷனுக்குப் பணம் கட்ட, அவருக்குத் தெரியாமல் மகன் படகின் எஞ்சினை விற்றுவிடுகிறான். அது இருந்த இடத்தில் காலி மீன் பெட்டிகளை அடுக்கி, தார்ப்பாய் போட்டுக் கட்டிவைக்கிறான். மாவுக்கட்டு பிரிக்கிற வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்பா வாசலில் உட்கார்ந்து, மறுபடி கடலுக்குப் போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். கடைசிக் காட்சியில் எழுந்து போய்த் தார்ப்பாயை அவிழ்க்கிறார்.

விற்ற விஷயம் பார்ப்பவர்களுக்கும் கடைசியில்தான் தெரிய வேண்டும் என்பது என் திட்டம். அதற்காக முதல் காட்சியில் நிஜ எஞ்சினை மேடையில் வைத்து, அப்பா அதைத் துடைப்பதுபோல எழுதியிருந்தேன். கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால், அப்புறம் தார்ப்பாய்க்குள் அது இருப்பதாகவே நம்புவார்கள் அல்லவா.

எங்கள் வீடு அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில். கரை முழுக்க எஞ்சின்தான். அப்பாவிடம் ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். கதையில் அது என்ன ஆகிறது என்றார். விற்றுவிடுகிறான் என்றேன்.

"வித்துட்டேன்னு நூறு பேரு முன்னாடி சொல்றதுக்கா என் இஞ்சின தூக்கிக்கினு போற? அத்த நான் காதால கூட கேக்க மாட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். இன்னும் நான்கு வீட்டில் கேட்டேன். நான்கு வீட்டிலும் டீ கொடுத்தார்கள், எஞ்சின் கொடுக்கவில்லை. படகையே வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போ என்றார் ஒருவர். இன்னொருவர், என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போ, திருப்பிக்கூடத் தரவேண்டாம் என்றார். வாயால் 'வித்தாச்சு' என்று சொல்லப்படுகிற இடத்தில் எங்கள் ஆட்கள் எஞ்சினை வைக்க மாட்டார்கள். இந்தக் கரையில் பிறந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். காகிதத்தில் எழுதும்போது மறந்துவிட்டது.

ஆகவே முதல் காட்சியை வெட்டினேன். ஆரம்பத்திலிருந்தே மேடையில் தார்ப்பாய்தான். அடியில் மூன்று நீலப் பெட்டி, மேலே கவிழ்த்த ஒரு சிவப்பு வாளி.

அதே அரங்கில் நான்கு மாதத்துக்கு முன்பு முதல் தடவை போட்டோம். சபாவுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்காருவார்கள். எழுந்து போக மனம் வந்துவிட்டால் முதலில் கால்தான் தேடும். சிமென்ட் தரையில் செருப்பு உரசுகிற சத்தம் மேடை ஓரத்தில் நிற்பவனுக்கு நன்றாகக் கேட்கும். முதலில் ஒரு ஜோடி, பிறகு நாலைந்து, பிறகு வரிசை வரிசையாக. அன்று அந்தச் சத்தம் எட்டு பத்துக்கு ஆரம்பித்தது. எட்டரைக்குக் கடைசிக் காட்சியில் தார்ப்பாயை அவிழ்க்கும்போது பதினொரு பேர் இருந்தார்கள். கயிற்றில் யாரோ சாதா முடிச்சு போட்டுத் தொலைத்திருந்தார்கள். அது அவிழவில்லை. அவிழ்ந்தபோது ஒன்பது பேர்.

போனவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. எங்கள் பக்கம் போகிற, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் எட்டே முக்காலுக்குக் கோயில் குளத்தோரம் வரும். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"இன்னா நடக்குதுன்னே தெர்ல கண்ணு. அந்த ஆளு ஒக்காந்து பேசிக்கினே கீறாரு. பஸ்ஸு வந்துடும்னு வந்துட்டேன்."

அதில் பொய்யோ பூச்சோ கிடையாது. மீன் வாங்க வருகிறவர் முகத்தைப் பார்த்தே வாங்குவாரா மாட்டாரா என்று சொல்கிறவள் அவள், தன் முகத்தை மறைக்கத் தெரியாதவள். சபாவே எழுந்து போகட்டும். என் அம்மா கடைசிவரை உட்கார முடியாத ஒன்றை நான் ஏன் எழுதினேன்?

செயலாளர் சொன்னதையும் மறக்க முடியாது. திட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. படியில் இறங்கும்போது தோளில் கை வைத்துச் சொன்னார்.

"நீ ஒளிச்சு வெச்சிருக்கேங்கறதே எங்களுக்குத் தெரியலையேப்பா. தெரிஞ்சாத்தானே தேடுவோம்? எட்டேகால் ஆச்சுன்னா ஆத்துல சாதம் ஆறிடும். அதைவிடப் பெரிசா மேடையில ஏதாவது இருந்தாத்தான் உக்காருவா."

சொல்லிவிட்டு, சித்திரையில் ஒரு கச்சேரி ரத்தாகியிருக்கிறது, அந்தத் தேதியை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். அன்றும் நாற்காலி காலியானால் கமிட்டியில் தன்னால் பேச முடியாது, அதோடு சரி என்றும் சொன்னார். தோற்றவனுக்கு இரண்டாவது தேதி கொடுக்கிற மனசு எல்லோருக்கும் வராது. அதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் புத்தகத்தில்தான் தேடுவேன். கல்லூரி நூலகத்தில் படித்துக் குறித்துவைத்த நோட்டை மறுபடி எடுத்தேன். 'திருப்பம் கடைசி ஐந்து நிமிடத்தில்' என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது. திருப்பம் இருக்கிறது, ஆள் இல்லை. அப்படியானால் நடுவில் சத்தம் போதவில்லை என்று முடிவு செய்தேன். இடி மின்னல் சேர்த்தேன். கடன்காரர் ஒருவர் வாசலில் வந்து கத்துவதைச் சேர்த்தேன். மகனுக்கு ஒரு அறை. ஒத்திகையில் படித்துக் காட்டியதும் நண்பன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"மச்சி, இடி வந்துச்சு, அடி வந்துச்சு. யானை ஒண்ணுதான் பாக்கி. கோயிலாண்ட கேட்டுப் பாக்கட்டா?"

வங்கி சார் சிரிக்காமல் என்னிடமிருந்து காகிதத்தை வாங்கி, இவ்வளவு சத்தத்தில் அப்பா பேசுவது கேட்காதே என்று ஒவ்வொன்றாக அடித்தார். இடியை மட்டும் கெஞ்சிக் காப்பாற்றினேன். கடைசியில் தார்ப்பாய் விலகும்போது என் போனிலிருந்து இடி, "எஞ்சின் எங்கடா?" என்று அப்பாவின் அலறல், திரை.

இன்னொன்றும் செய்தேன். போன தடவை முடிச்சு அவிழாமல் மானம் போனதால், இந்தத் தடவை தார்ப்பாயை நானே கட்டினேன். கரையில் நாங்கள் போடுகிற சுருக்கு அது. நனைந்த கையோடு அவசரத்தில் அவிழ்க்க வேண்டும் என்பதற்காக, நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் முழுதும் விட்டுக்கொடுக்கும். யோசிக்காமலே கை போட்டுவிடும். காற்று அடிக்கிற பக்கம் அதைப் போடக் கூடாது என்பதும் கைக்குத் தெரியும். ஆனால் மேடையில் காற்று ஏது?

காற்று வந்தது. சித்திரைப் புழுக்கத்தில் மேடை விளக்குகளுக்கு அடியில் வங்கி சாருக்கு மயக்கம் வந்துவிடும் என்று செயலாளர் தன் அறையில் இருந்த நிற்கும் ஃபேனைத் தானே தூக்கிக்கொண்டு வந்து திரையோரம் வைத்தார். நன்றி சொல்லி, சாருக்குக் காற்று படும்படி நான்தான் அதைத் திருப்பிவைத்தேன்.

நாடகம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். அப்பா ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், தார்ப்பாய் அவர் முதுகுக்குப் பின்னால். மகன் டீ கொண்டு வருகிறான். கயிற்றின் நுனி ஃபேன் காற்றில் ஆடுவதைப் பார்த்தேன். ஆடியது, நீண்டது, வழுக்கிக்கொண்டு போனது. தார்ப்பாய் ஒரு பக்கம் தூக்கி, மெதுவாக மடிந்து கீழே விழுந்தது. வெள்ளை வெளிச்சத்தில் மூன்று நீலப் பெட்டியும் சிவப்பு வாளியும்.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். நான் திரைக் கயிற்றைப் பிடித்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வரவேண்டிய திருப்பம் பத்தாவது நிமிடத்தில் வாளியோடு வந்து நிற்கிறது. இனி எதற்கு உட்காருவார்கள்? செயலாளர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. திரையை இழுத்துவிட்டு மன்னிப்பு கேட்கலாம் என்று நினைத்த அந்த நொடியில்தான் மூன்றாவது வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் அதை ரகசியம் என்றுதான் நினைத்துப் பேசியிருப்பாள். மார்க்கெட்டில் முப்பது வருஷம் கூவிய தொண்டைக்கு அதற்குக் கீழே இறங்கத் தெரியாது.

"இஞ்சினக் காணோமே. அந்த ஆளாண்ட யாராச்சும் சொல்லுங்களேன்."

பெரியம்மா அவள் தொடையைத் தட்டினாள். "சும்மா இரு. அவருக்குத் தெரியாது."

அரங்கில் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அந்த அமைதியை இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அறுபது பேர் ஒரே சமயத்தில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்ட அமைதி.

நண்பன் பெட்டிகளைப் பார்த்துவிட்டான். டீயை அப்பா கையில் கொடுத்தான். ஓடவில்லை. சாவகாசமாக அவர் முதுகுக்குப் பின்னால் போய், தார்ப்பாயை எடுத்துப் போர்த்தி, கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். கட்டத் தெரியாது அவனுக்கு. ஷூ லேஸுக்குப் போடுவதையே ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து போட்டான். கயிறு இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. நடிப்பில்லை, நிஜமாகவே பயம். அந்த நேரத்தில் அப்பா சொல்ல வேண்டிய வரி ஒன்று இருந்தது. சும்மா, எஞ்சின் ஞாபகம் இருக்கட்டும் என்று நான் எழுதி வைத்த வரி. சார் டீயை ஊதிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

"எஞ்சினுக்கு வெயில் படாம பாத்துக்கடா."

வரிசை முழுக்க 'ஸ்' என்று ஒரு மூச்சு. போன தடவையும் இதே வரிதான். அன்று அதைக் கேட்டு யாரோ கொட்டாவி விட்டார்கள். ஒரு சொல்லும் மாறவில்லை. கேட்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்றுதான் மாறியிருந்தது.

அதற்கப்புறம் நடந்தது சாரின் வேலை. அம்மா சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது, தனக்குத் தெரியாது என்பதை அவர் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார். நான் அவரை உட்கார்ந்தே இருக்கச் சொல்லி எழுதியிருந்தேன். அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். தார்ப்பாய் வரைக்கும் நடந்தார். கயிற்றின்மேல் கை வைத்தார். பிறகு தண்ணி கொண்டாடா என்று திரும்பி வந்து உட்கார்ந்தார். அத்தை வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைத்தார். சிரிப்பு அடங்குவதற்குள் மறுபடி எழுந்தார். இந்தத் தடவை தார்ப்பாயைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுவது போல. உள்ளே காலிப் பெட்டி 'டொக்' என்றது. இரண்டாவது வரிசையில் கார் சாவியைக் கையில் எடுத்து அரைகுறையாக எழுந்த ஒருவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எட்டேகால். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மின்விசிறிகளின் சத்தம், வெளியே ஒரு ஆட்டோ ஹார்ன். செருப்புச் சத்தம் இல்லை. எட்டரை. இல்லை. எட்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் பெரியம்மா அம்மாவின் கையைத் தொட்டு, வாசலைக் காட்டினாள். அம்மா மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தக் கையை ஒதுக்கினாள்.

ஒரு பண்டிதர் பட்டம் கொடுத்திருந்தால்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா ஊன்றுகோல் இல்லாமல் எழுந்தார். தார்ப்பாய்க்குப் போய்க் குனிந்து கயிற்றைப் பிடித்தார். நண்பன் போட்ட முடிச்சுகள் ஒன்றும் வரவில்லை. போன தடவை ஆட்களை விரட்டிய அதே தாமதம். சார் அவசரப்படவில்லை. நகத்தால் ஒன்றை நெம்பினார், அடுத்ததைப் பல்லால் இழுத்தார். இரண்டு நிமிடம் இருக்கும். மேடையில் ஒரு பேச்சு இல்லை. யாரும் நகரவில்லை. என் போனில் இடி தயாராக இருந்தது, கட்டைவிரல் அதன்மேல் இருந்தது.

கடைசி முடிச்சு அவிழ்ந்தது. அவர் தார்ப்பாயை இழுக்கவில்லை. ஒரு ஓரத்தை மட்டும், தன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவுக்குத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதைத் திரும்பப் போட்டு, கயிற்றை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். எழுதிவைத்த அலறலை அவர் சொல்லவில்லை. மகனைத் திரும்பிப் பார்க்காமல், மெதுவாக:

"வெயில் படாம பாத்துக்கடா."

நான் இடியை அழுத்தவில்லை. திரையை இழுத்தேன்.

இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்று தெரிந்துகொண்டதுதான். ஒளித்து வைப்பதுதான் எழுதுகிறவனின் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். எதைச் சீக்கிரம் சொல்லிவிடுவது என்பதும் சாமர்த்தியம்தான், இன்னும் கஷ்டமானது. சொன்னபின் அதை எத்தனை தடவை கைக்கு எட்டும் தூரத்தில் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரலாம் என்பது நடிகனின் கணக்கு. நடுவில் ஒரு சிரிப்பு வேண்டும், மூச்சு விட. பேச்சில்லாத இடமும் வேண்டும். 'வெள்ளிக்கிழமை' என்று ஒரு நாளைச் சொல்லிவிட்டால் ஜனங்கள் அதை எண்ணிக்கொண்டிருப்பார்கள். இதெல்லாம் என் நோட்டில் வேறு வார்த்தைகளில் இருந்தவைதான். தார்ப்பாய் விழுந்த பிறகுதான் படிக்கத் தெரிந்தது. பிறகு நாடகத்தை மறுபடி போட்டபோதெல்லாம் அதே ஃபேனைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து முயன்றோம். வேண்டும் என்றால் தார்ப்பாய் பறக்காது. இப்போது மகனே முதல் காட்சியில் தார்ப்பாயை விலக்கிக் காட்டிவிட்டுக் கட்டுகிறான். முடிச்சுப் போடத் தெரியாதவனாகத்தான் கட்டுகிறான்.

மறுநாள் அம்மா அப்பாவுக்குக் கதை சொல்வதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். காதால்கூடக் கேட்கமாட்டேன் என்றவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவள் என் பழைய வரிசையில் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில், இஞ்சினு இல்லை, அந்த ஆளுக்கு அது தெரியாது என்றுதான் ஆரம்பித்தாள். முடித்ததும் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார், அந்த ஆள் அப்புறம் கடலுக்குப் போனாரா என்று.

அது மறுநாள். அன்று, திரை விழுந்ததும் செயலாளர் மேடைக்குப் பின்னால் வந்தார். "ஆத்துல சாதம் ஆறினது ஆறினதுதான்" என்று சொல்லி, மார்கழியில் ஒரு தேதியை என் எதிரிலேயே நோட்டில் எழுதினார். சார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு இன்றைக்கு டைரக்‌ஷன் கொடுத்த அம்மா எங்கே என்று தேடினார். அம்மா வெட்கப்பட்டுப் பெரியம்மா முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கால் இப்போ பரவாயில்லையா என்று அவரைக் கேட்டாள். அவரும், பரவாயில்லம்மா, நடக்கிறேன் என்று பதில் சொன்னார்.

தெருவுக்கு வந்தபோது பஸ் போயிருந்தது. அரை மணி நின்றோம், அடுத்தது வரவில்லை. விடிகாலை மீன் ஏலத்துக்கு மூன்று பேரும் எழுந்தாக வேண்டும். ஒரு ஆட்டோக்காரர் நாலு பேருக்கு முந்நூறு என்றார். அம்மா நூற்றைம்பதில் ஆரம்பித்தாள். அத்தை, நாங்க அடையாறு மார்க்கெட்டுலதான் கீறோம், நைனா, நாளைக்கு மீனுக்கு எங்களாண்ட வரமாட்டியா என்று நடுவில் புகுந்தாள். கடைசியில் படிந்தது. குப்பத்து முனையில் இறங்கியதும் பணம் அனுப்ப நான் போனை எடுத்தேன். அம்மா என் கையைத் தள்ளிவிட்டு இடுப்புப் பையைத் திறந்தாள்.

"ஒக்காந்தது நானு. நான் குடுக்கறேன்."

சும்மா போயிருக்க வேண்டிய பஸ்ஸுக்குப் பதிலாக, ஒரு நாடகத்தைக் கடைசிவரை பார்த்த வகையில், இருநூற்று நாற்பது ரூபாய்.